தண்ணீர் பட்ட இடத்தில் வளையம்: பழி சாஃப்ட்னர் மேல்தானா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: சூரத்திலிருந்து பாலியஸ்டர் சாட்டின் வாங்கி நைட்டியும் குர்த்தியும் தைத்து விற்கிறீர்கள். அயர்ன் பாக்ஸிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால்கூட, காய்ந்தபின் அந்த இடத்தில் வளையம் தெரிகிறது. நேவி புளூ, மெரூன், பாட்டில் கிரீன் போன்ற அடர் நிறங்களில் இன்னும் மோசம். துணி ரிட்டர்ன் வருகிறது. துணிக்காரரைக் கேட்டால், "சாஃப்ட்னர் (துணியை மிருதுவாக்கும் ரசாயனம்) போட்ட துணி அப்படித்தான் இருக்கும், ஒரு தடவை துவைத்தால் போய்விடும்" என்கிறார். அது உண்மையா? சாஃப்ட்னரே போடாத துணியாகக் கேட்டு வாங்கினால் பிரச்சினை தீருமா?

அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இந்த நீளமான பதில். ஈரோடு, பெருந்துறைப் பக்கம் ஃபினிஷிங் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் ஸ்டென்டர் (துணியை இழுத்துப் பிடித்துச் சூட்டில் காயவைக்கும் இயந்திரம்) பக்கத்திலேயே நின்றவன் நான். இந்த வளையத்துக்காகத் திட்டு வாங்கிய நாட்களும் உண்டு, அடுத்தவரைத் திட்டிய நாட்களும் உண்டு.

பாலியஸ்டர் தண்ணீர் குடிக்காத நூல். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். விஸ்கோஸ் 11 முதல் 13 வரை போகும், நைலான் 4 பக்கம். பாலியஸ்டர் வெறும் 0.4 சதவீதம்தான். அதனால் அதன்மேல் விழும் சொட்டு இழைக்குள் போக வழியில்லை. இழைக்கும் இழைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய சந்துகளில் மட்டும் ஓடும். ஓடும்போது இழைமேல் ஒட்டாமல் கிடக்கிற எதையும் வாரி எடுத்துக்கொண்டு போகும்.

எங்கே கொண்டுபோய்ப் போடும்? ஓரத்தில். காபி டவராவைத் தரையில் வைத்து எடுத்தால், காய்ந்தபின் நடுவில் ஒன்றுமில்லாமல் விளிம்பில் மட்டும் கருப்பாக ஒரு வட்டம் நிற்குமே, அதே கதைதான். சொட்டின் விளிம்பு வேகமாகக் காய்கிறது. காய்ந்த இடத்தை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் விளிம்புக்கு ஓடுகிறது. கூடவே கரைந்ததும் மிதப்பதும் அங்கே போய்க் குவிகின்றன. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் நேச்சர் இதழில் இதை விளக்கி எழுதினார்கள். வீட்டுத் தரையில் தினமும் நடப்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் கடைசிவரை சரியான விளக்கம் இல்லாமல் இருந்தது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பருத்தியிலும் இது நடக்கும். ஆனால் அங்கே சொட்டில் ஒரு பங்கு இழைக்குள்ளேயே போய்விடும், துணியின் முகமும் மங்கலானது, கண்ணுக்குத் தெரியாது. சாட்டினில் நீளமான இழைகள் படுத்துக்கொண்டு கண்ணாடிபோல ஒளியைத் திருப்புகின்றன. அதன்மேல் மிக மெல்லிய படிவு ஏறினாலும் அந்த இடத்தில் பளபளப்பு மாறி, ஒரு கோணத்தில் பார்த்தால் கோடு போட்டதுபோலத் தெரியும். உங்களுக்கு வந்த ரிட்டர்ன்களில் பாதி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்திருக்கும்.

ஆக, நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. தண்ணீர் வாரிக்கொண்டு போக அந்தத் துணிமேல் என்ன இருக்கிறது? தண்ணீர் அந்தத் துணிமேல் எப்படி நடக்கிறது, முத்தாக நிற்கிறதா, பரவுகிறதா? சாஃப்ட்னருக்கு இரண்டிலும் பங்கு உண்டு. சில சமயம் வாரப்படும் சரக்கே அதுதான். பல சமயம் அது தண்ணீரின் நடையை மாற்றிவிட்டு, வேறு யாரோ விட்டுப்போன அழுக்கை ஊருக்குக் காட்டிக்கொடுக்கிறது.

சாஃப்ட்னர் என்று ஒரே பெயரில் சொன்னாலும் டிரம்முக்குள் இருப்பது வேறு வேறு சரக்கு. பழைய காலத்திலிருந்து ஓடுவது கேட்டயானிக் வகை. வெள்ளைச் செதில்களாக வரும், 'ஃப்ளேக்ஸ்' என்போம். சுடுதண்ணீரில் கலக்கினால் கஞ்சி மாதிரி ஆகும். பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலத்திலிருந்து செய்யப்படும் கொழுப்புச் சரக்கு. மூலக்கூறின் தலையில் நேர்மின்னூட்டம், பின்னால் நீளமான கொழுப்பு வால். தண்ணீரில் நனைந்த இழையின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் உள்ளது என்பதால் தலை இழையில் ஒட்டும், வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கைக்கு வழவழப்பாக இருப்பது அந்த வால்தான். பாலியஸ்டரில் தலை பிடித்துக்கொள்ளும் இடங்கள் குறைவு. அளவாகப் போட்டால் சரி. கூட்டிப் போட்டால் கூடுதல் சரக்கு பிடிமானம் இல்லாமல் மேலே கிடக்கும். சொட்டு விழுந்ததும் அது நகர்ந்து, வளையத்தில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை போன்ற மினுக்கோடு நிற்கும்.

கூட்டிப் போடுவது ஏன் என்று கேட்டால், வாங்குபவர்தான் காரணம். துணியைக் கையில் தேய்த்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஃபீல் வேண்டும்" என்பார்கள். லிட்டருக்கு 20 கிராம் போதும் என்கிற இடத்தில் 40 கிராம் போய்விடும். ஃபீல் இரண்டு மடங்கு ஆவதில்லை, வளையம் மட்டும் ஆகும்.

அடுத்தது நான்-அயானிக் வகை. இதற்கு மின்னூட்டமே இல்லை, அதனால் இழைமேல் பிடிப்பும் இல்லை. வெள்ளைத் துணி மஞ்சளாகாது என்பதற்காகப் போடுவார்கள். தண்ணீரில் எளிதாகக் கரையும், எளிதாக நகரும். துணிக்காரர் சொன்ன "ஒரு தடவை துவைத்தால் போய்விடும்" என்பது இந்த வகைக்கு அப்படியே பொருந்தும். துவைத்ததும் வளையம் போகும், ஃபீலும் கூடவே போகும்.

இன்று சந்தையில் அதிகம் ஓடுவது சிலிக்கான். அதிலும் அமினோ சிலிக்கான். இழையைச் சுற்றி மெல்லிய படலமாக ஒட்டி, துணியை வெண்ணெய் மாதிரி ஆக்கிவிடும். தண்ணீர் அதன்மேல் தாமரை இலைத் தண்ணீர்தான், முத்தாக நிற்கும். உதறினால் ஓடிவிடும், நல்லதுதான். உதறாமல் விட்டால்தான் வம்பு. பரவாத சொட்டு ஒரே இடத்தில் நின்று மெதுவாகக் காயும். அந்தத் தண்ணீரில் இருந்த உப்பு முழுவதும் சின்ன வட்டத்துக்குள் இறங்கும். அதே தண்ணீர் சிலிக்கான் இல்லாத துணியில் பரவி, அதே உப்பை நாலு மடங்கு பரப்பில் தெளித்திருக்கும், கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

சிலிக்கானில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. சிலிக்கான் எண்ணெய் தானாகத் தண்ணீரில் கலக்காது. அதைக் கலக்கிப் பால்போல (இதுதான் எமல்ஷன்) வைத்திருக்க எமல்சிஃபயர் என்ற சோப்பு மாதிரியான பொருள் சேர்க்க வேண்டும். மைக்ரோ எமல்ஷன் என்று கண்ணாடி மாதிரித் தெளிவாக வருகிறதே, அதில் துளிகள் மிகச் சிறியவை என்பதால் எமல்சிஃபயர் இன்னும் அதிகம். துணி காய்ந்தபின் சிலிக்கான் இழையில் ஒட்டிக்கொள்கிறது, எமல்சிஃபயரும் துணியிலேயே தங்கிவிடுகிறது. தண்ணீர் பட்டதும் எழுந்து நடப்பது பெரும்பாலும் இந்த எமல்சிஃபயர்தான். சிலிக்கானைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, கூட வந்தவனை விட்டுவிடுகிறோம்.

ஹைட்ரோஃபிலிக் சிலிக்கான் வேறு மாதிரி. சிலிக்கானோடு தண்ணீரை விரும்பும் பாலிஈதர் பகுதிகளைக் கோத்திருப்பார்கள். சொட்டு விழுந்ததும் பரவிவிடும். துணி சுத்தமாக இருந்தால் மெல்லியதாகப் பரவி, சீக்கிரம் காய்ந்து, தடமே இல்லாமல் போகும். துணி அழுக்காக இருந்தால் ரூபாய்க் காசு அளவு வளையம் வர வேண்டிய இடத்தில் உள்ளங்கை அளவுக்கு வரைபடம் போட்டுவிடும். அதனால் "ஹைட்ரோஃபிலிக் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே புரிவது ஒன்றுதான்: சாயம் போட்டபின் அவர் துணியைச் சரியாக அலசவில்லை.

அந்த அலசல் விஷயத்தில் நானே பட்ட அவதியைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து சில வருடம்தான் ஆகியிருக்கும். நேவி புளூவில் பாலியஸ்டர் லாட் ஒன்று. ஃபினிஷ் ஆகி வந்தபின் சொட்டு வைத்துப் பார்த்தால் சாம்பல் நிற வளையம், அதன் ஓரத்தில் பிசுபிசுப்பு. சாஃப்ட்னரை மாற்றினோம், அதே வளையம். கம்பெனி மாற்றி இன்னொன்று வாங்கினோம், அப்படியும் அதே வளையம். மூன்றாவது சாஃப்ட்னருக்கும் போகவில்லை என்றதும், பக்கத்துப் பிரிவில் இருந்த வயதான சாய மாஸ்டர் ஒருவர், சாஃப்ட்னர் போடாத துணியில் ஒரு துண்டு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீர் இருந்த பாட்டிலில் போட்டுக் குலுக்கினார். நுரை பொங்கியது. "சாயம் போட்ட துணியில் ஏன்டா நுரை வருது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

விளக்கம் இதுதான். பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயம் தண்ணீரில் கரையாது. தூளாக மிதக்க வேண்டும் என்பதற்காக டிஸ்பர்சிங் ஏஜென்ட் நிறையச் சேர்ப்பார்கள். அது எதிர்மின்னூட்டம் உள்ள சரக்கு. 130 டிகிரியில் அழுத்தம் கொடுத்துச் சாயம் ஏற்றியபின், காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்) போட்டு 70, 80 டிகிரியில் ரிடக்‌ஷன் கிளியரிங் செய்து, இழைமேல் ஒட்டியிருக்கும் மிச்சச் சாயத்தைக் கழுவ வேண்டும். பிறகு நன்றாக அலச வேண்டும். அன்றைக்கு அவசரத்தில் ஒரு அலசலைக் குறைத்திருந்தார்கள். மிச்சமிருந்த எதிர்மின்னூட்டச் சரக்கோடு நேர்மின்னூட்டமுள்ள கேட்டயானிக் சாஃப்ட்னர் சேர்ந்ததும் இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு பிசினாகத் திரிந்துவிட்டன. எந்தக் கம்பெனி சாஃப்ட்னர் போட்டாலும் திரியத்தான் செய்யும். நாங்கள் மூன்று டிரம்மை வீணாக்கினோம். சரிசெய்தது இரண்டு அலசல்.

உங்கள் அடர் நிறத் துணிகளில் வளையம் அதிகம் என்பதற்கு இது ஒரு காரணம். அடர் நிறம் என்றால் சாயம் அதிகம், டிஸ்பர்சிங் ஏஜென்ட்டும் அதிகம், கிளியரிங்கும் அலசலும் அதிகம் வேண்டும். வெளிர் நிறத்துக்குப் போடும் அதே கணக்கில் கழுவினால் மிச்சம் நிற்கும்.

இன்னொரு காரணம் சூடு. பாலியஸ்டரில் சாயம் இழைக்குள் போய் உட்கார்ந்ததே சூட்டினால்தான். அதே சூடு திரும்பக் கிடைத்தால் வெளியே வரவும் தயங்காது. சாஃப்ட்னர் போட்ட துணி ஸ்டென்டரில் 150 டிகிரிக்கு மேல் போகும்போது, இழைக்குள் இருக்கும் சாயத்தில் ஒரு பங்கு மேலே இருக்கும் சாஃப்ட்னர் படலத்துக்குள் குடியேறிவிடும். தெர்மோமைக்ரேஷன் என்பார்கள். படலம் தடிமனாக இருந்தால், எமல்சிஃபயர் அதிகமாக இருந்தால், குடியேற்றமும் அதிகம். அதற்குப்பின் தண்ணீர் பட்டால் நகர்வது சாஃப்ட்னர் மட்டுமல்ல, சாயமும்தான். அந்த வளையம் நிறத்தோடு இருக்கும். கிளியரிங் முடிந்தவுடன் நன்றாக இருந்த துணி ஃபினிஷிங் முடிந்து வெளியே வந்ததும் சாயம் விடுவது இதனால்தான். சாயப் பிரிவும் ஃபினிஷிங் பிரிவும் சண்டை போட்டுக்கொள்வதில் பாதி இதைப் பற்றித்தான் என்று சொல்லலாம்.

சரி, சாஃப்ட்னருக்குச் சம்பந்தமே இல்லாத வளையங்களும் உண்டு. உங்கள் துணி சூரத் சரக்கு என்பதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே வாட்டர்ஜெட் தறிகள் ஏராளம். ஊடை (குறுக்கு) இழையைத் தண்ணீர்ப் பீய்ச்சலில் கொண்டுபோகும் தறி. அதில் பாவு (நீளவாக்கு) இழைக்குப் போடும் பசை தண்ணீரில் கரைந்தால் நெசவே நடக்காது. அதனால் அமோனியா சேர்ந்த அக்ரிலிக் பசை போடுவார்கள். காயும்போது அமோனியா பறந்துவிடும், பசை தண்ணீரில் கரையாததாகிவிடும். நெசவு முடிந்தபின் காரம் போட்டுக் கழுவினால்தான் அது கரைந்து வெளியேறும். காரத்தைக் குறைத்தோ நேரத்தைக் குறைத்தோ கழுவினால் பசை திட்டுத்திட்டாக நிற்கும். அதன்மேல் சாயம் ஒரு மாதிரியும், சாஃப்ட்னர் ஒரு மாதிரியும், தண்ணீர் ஒரு மாதிரியும் பிடிக்கும்.

அப்புறம் தண்ணீர். போர்வெல் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். காயும்போது அது சுண்ணாம்பாக மாறி வெள்ளையாக நிற்கும். துணியில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் கறுப்புச் சாட்டினில் வளையம் போடும். உங்கள் அயர்ன் பாக்ஸில் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். போர் தண்ணீரை ஊற்றி, சூடேறுவதற்குள் ஸ்டீம் பட்டனை அழுத்தினால், ஆவிக்குப் பதில் சுண்ணாம்புத் தண்ணீர்தான் துணிமேல் துப்பும்.

இதையெல்லாம் வீட்டிலேயே பிரித்துப் பார்த்துவிடலாம். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு பாட்டில் வாங்குங்கள். பேட்டரி ஆசிட் அல்ல, தண்ணீர், லேபிளைப் பார்த்து வாங்குங்கள். துணியை மேசைமேல் விரித்து, இங்க் ஃபில்லரால் ஓரிடத்தில் அந்தத் தண்ணீரும் ஒரு சாண் தள்ளி உங்கள் குழாய்த் தண்ணீரும் ஒவ்வொரு சொட்டு வையுங்கள். பரவாமல் நின்றால் கண்ணாடிக் குச்சியாலோ விரலாலோ லேசாகத் தேய்த்து உள்ளே இறக்குங்கள். இரண்டு நிமிடம் கழித்து ஒரு தடவை பாருங்கள், நிழலில் முழுக்கக் காய்ந்தபின் இன்னொரு தடவை பாருங்கள். லேபில் ஐஎஸ்ஓ 105-ஈ07 என்ற சோதனையிலும் இப்படி இரண்டு நேரத்தில்தான் பார்த்து, சாம்பல் நிற அளவுகோலை வைத்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 5 என்றால் மாற்றமே இல்லை.

குழாய்த் தண்ணீர் மட்டும் வளையம் போட்டால், துணிக்காரரை விட்டுவிடுங்கள், தண்ணீரைக் கவனியுங்கள். இரண்டும் போட்டால் வாரிக்கொண்டு போன சரக்கு துணியிலேயே இருக்கிறது. அப்போது ஒரு சின்னத் துண்டை வெட்டி, மிச்ச டிஸ்டில்ட் வாட்டரை வெதுவெதுப்பாக்கி, பாட்டிலில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். நுரை நின்றால் சோப்புத்தன்மையுள்ள ஏதோ ஒன்று மிச்சம். டிஸ்பர்சிங் ஏஜென்ட்டா எமல்சிஃபயரா என்று நுரை சொல்லாது, ஆனால் அலசல் போதவில்லை என்று சொல்லிவிடும். இன்னொரு துண்டின் அடியில் வெள்ளைப் பருத்தித் துணி வைத்து மேலே சொட்டு வைத்து அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் சாயம் வெளியே வந்து நிற்கிறது. கடைசியாக ஒரு துண்டைச் சோப்புப் போட்டுத் துவைத்து, மூன்று தண்ணீரில் அலசி, காயவைத்து, மறுபடியும் டிஸ்டில்ட் வாட்டர் சொட்டு வையுங்கள். வளையம் வரவில்லை என்றால் துணிக்காரர் சொன்னது சரி, ஒரு துவையலில் போகிற குறைதான். வந்தால் அவர் சொல்வதை ஏற்காதீர்கள்.

முத்தாக நிற்கிறதா பரவுகிறதா என்பதையும் கூடவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொட்டின் மேல் விளக்கொளி மினுங்கும். துணி உறிஞ்சியதும் அந்த மினுக்கம் போய் ஈரத் திட்டு மட்டும் நிற்கும். அதற்கு எத்தனை விநாடி என்று பாருங்கள். ஒரு நிமிடமாகியும் முத்து அப்படியே நின்றால் தண்ணீர் ஒட்டாத சிலிக்கானோ, அளவு மீறிய கொழுப்புச் சாஃப்ட்னரோ போட்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம்.

சாஃப்ட்னரே போடாத துணி வாங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வேண்டாம் என்பதே என் கருத்து. சாஃப்ட்னர் இல்லாத பாலியஸ்டர் கைக்குக் காகிதம்போல இருக்கும், உராய்வில் மின்சாரம் பிடித்து உடம்போடு ஒட்டும். தைக்கும்போதும் தெரியும். ஊசிக்கு வழுக்கல் இல்லாமல் சூடேறி, இழை உருகி, தையல் ஓரத்தில் ஓட்டை விழும். அந்த ரிட்டர்ன் இதைவிட மோசம். சாஃப்ட்னர் இருக்கட்டும், அதன் அடியில் துணி சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே துணிக்காரரிடம் "சாஃப்ட்னர் போடாதே" என்று சொல்லாமல் வேறு மாதிரிப் பேசுங்கள். அடர் நிறத்துக்கு ரிடக்‌ஷன் கிளியரிங் செய்து, கடைசி அலசல் தண்ணீரில் நுரை நிற்காத அளவுக்குக் கழுவித் தரச் சொல்லுங்கள். ஹீட் செட்டிங்கை (சூடு காட்டித் துணியின் அளவை நிலைப்படுத்துவதை) சாயத்துக்கு முன்பே முடித்துவிட்டு, சாஃப்ட்னர் போட்டபின் ஸ்டென்டரை 140 டிகிரி பக்கத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். சாஃப்ட்னர் ஹைட்ரோஃபிலிக் சிலிக்கானாக இருக்கட்டும், கேட்கும் ஃபீலுக்குத் தேவையான அளவுக்கு மேல் போக வேண்டாம். சாஃப்ட்னர் குளியலின் பிஎச் 5, 5.5 பக்கம் இருக்க வேண்டும், காரம் மிச்சமிருக்கும் துணியை உள்ளே விட்டால் எமல்ஷன் உடைந்து எண்ணெய்ச் சொட்டு விழும் என்பதும் அவருக்குத் தெரிந்ததுதான், நினைவூட்டினால் போதும். இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால், சாம்பிள் வரும்போது அவர் கண்முன்னேயே ஒரு சொட்டு டிஸ்டில்ட் வாட்டர் வையுங்கள். இந்த வாடிக்கையாளர் சொட்டு வைத்துப் பார்ப்பவர் என்று தெரிந்தாலே உங்களுக்கு வரும் லாட் தனியாகப் பார்த்து அனுப்பப்படும். அனுபவத்தில் சொல்கிறேன்.

எண்ணெய்ச் சொட்டு என்றேனே, அதையும் வளையத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எமல்ஷன் உடைந்து விழுந்த சிலிக்கான் சொட்டு நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரிக் கறுத்து நிற்கும், எந்தக் கோணத்தில் பார்த்தாலும் தெரியும், எத்தனை துவைத்தாலும் அசையாது. அது தண்ணீர்க் கறை அல்ல. துணியைத் திருப்பி அனுப்புவதைத் தவிர உங்கள் கையில் வேறு வழியில்லை.

வாடிக்கையாளர் பக்கமும் ஒரு தவறு நடக்கிறது. துணி வாங்கி இரண்டு மாதம் கழித்து வளையம் என்று புகார் சொல்பவர்களிடம், வீட்டில் ஃபேப்ரிக் கண்டிஷனர் போடுகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். கடைகளில் நீலமும் ரோஜா நிறமுமாக வாசனையோடு விற்கிறதே, அதுவும் கேட்டயானிக் குடும்பம்தான். 1990களின் தொடக்கத்தில், பழைய சரக்கு மண்ணிலும் நீரிலும் மக்க நாளாகிறது என்று ஐரோப்பாவில் அதை ஒதுக்கிவிட்டு எஸ்டர்குவாட் என்ற வகைக்கு மாறினார்கள். மக்குவது மாறியது, துணிமேல் நடக்கும் வேலை மாறவில்லை. சோப்புத் தண்ணீர் சரியாக அலசாத துணியில் இதை ஊற்றினால், நான் நேவி புளூ லாட்டில் கண்ட அதே பிசின் வாளிக்குள்ளேயே உருவாகும். அதைவிட மோசம், மூடியில் ஊற்றி நேரடியாகத் துணிமேல் சாய்ப்பது. விழுந்த இடத்தில் மெழுகு பூசியதுபோலத் திட்டு நிற்கும். பாலியஸ்டருக்குக் கண்டிஷனர் மாதம் ஒரு தடவை, அதுவும் வாளித் தண்ணீரில் முதலில் கலக்கிவிட்டுத் துணியை நனைப்பதாக இருந்தால் போதும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் துணி மின்சாரம் பிடிப்பதும் குறைவு, கண்டிஷனருக்கு வேலையே இல்லை. வியர்வை உறிஞ்சும் விளையாட்டு பனியன்களுக்கும் மைக்ரோஃபைபர் துண்டுகளுக்கும் போடவே கூடாது. அவை தண்ணீரைப் பரப்பும் வேலையைத்தான் செய்கின்றன, அதைக் கொழுப்பு வால் அடைத்துவிடும்.

வந்துவிட்ட வளையத்தை எடுப்பதற்கு: வளையத்தை மட்டும் ஈரத்துணியால் தேய்க்க வேண்டாம். தேய்த்த இடத்துக்கு வெளியே இன்னொரு பெரிய வளையம்தான் வரும். அந்தப் பாகம் முழுவதையும், ஒரு தையலிலிருந்து அடுத்த தையல்வரை, ஒரே சீராக நனைக்க வேண்டும். ஈரத்துக்கு விளிம்பு என்று ஒன்று துணி நடுவில் இல்லாமல் போனால் படிய இடமில்லை. வெள்ளையான சுண்ணாம்பு வளையமென்றால் சமையல் வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து ஒற்றி, ஐந்து நிமிடம் விட்டு முழுதாக அலசினால் போதும், பாலியஸ்டரை அது ஒன்றும் செய்யாது. மினுமினுப்பான வளையமென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் சாதாரண டிடர்ஜென்ட் போட்டு, கண்டிஷனர் இல்லாமல், இரண்டு மூன்று துவையல். நிறத்தோடு இருக்கும் வளையத்துக்கு வீட்டில் வைத்தியம் இல்லை.

துணியில் விஸ்கோஸ் கலந்திருந்தால் மட்டும் கணக்கு வேறு. விஸ்கோஸ் இழை தண்ணீர் பட்டால் நன்றாக உப்பும், காயும்போது பழைய இடத்துக்கே திரும்பி உட்காராது. அங்கே தெரிவது படிவு அல்ல, இழை கலைந்ததன் நிழல். பின்பக்கத்திலிருந்து ஆவி காட்டி, தட்டையாக வைத்துக் காயவிட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். நூறு சதவீதம் பாலியஸ்டர் என்று பில்லில் போட்டிருந்த துணியில் வளையம் ஆவி பட்டதும் மறைகிறது என்றால், பில்லையும் ஒரு தடவை சரிபாருங்கள். ஓரத்தில் இரண்டு இழை உருவிக் கொளுத்தினால் தெரிந்துவிடும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும், விஸ்கோஸ் காகிதம்போல எரிந்து சாம்பலாகும்.

கையில் இருக்கும் ஸ்டாக்கை என்ன செய்வது? துவைத்த துண்டில் வளையம் வரவில்லை என்றால், வெட்டுவதற்கு முன்பே முழுத் துணியாக ஒரு அலசல் போட்டுவிடுங்கள். கூலி மீட்டருக்குக் கொஞ்சம் ஏறும், ரிட்டர்ன் கூரியர் செலவோடு ஒப்பிட்டால் தாங்கும். ஏற்கெனவே தைத்துவிட்டவற்றில் "முதல் தடவை உடுத்துவதற்கு முன் முழுதாக நனைத்துத் துவைக்கவும், கண்டிஷனர் வேண்டாம்" என்று ஒரு சீட்டு வைத்து அனுப்புங்கள். துவைத்த துண்டிலும் வளையம் வந்த நேவி, மெரூன் துணிச் சுருள்களைத் தைக்காமல் எடுத்து வையுங்கள். அவற்றைத் துணிக்காரரே திரும்ப எடுத்துக் கழுவித் தர வேண்டும். சொட்டு வைத்த துண்டையும், துவைத்துச் சொட்டு வைத்த துண்டையும் ஒரே அட்டையில் பின் அடித்து, தேதியும் லாட் நம்பரும் எழுதி அனுப்பினால், சாஃப்ட்னர் கதையை அவர் இரண்டாவது தடவை சொல்லமாட்டார்.